டை ராட் இறுகிப் போனால்: அலைன்மென்ட் கடையில் நடக்கும் தவறுகள்

தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் ஐந்தாறு வருடம் ஓடிய காரைத் தூக்கி அடியில் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு உள்பக்கம், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டை ராடின் மரை செம்மண் பூசியதுபோல் இருக்கும். உப்புக்காற்றும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கம்பியை நகராமல் பிடிக்கும் லாக் நட்டையும், சக்கரப் பக்கம் மாட்டும் முனையான டை ராட் எண்டையும் ஒரே இரும்பாக ஆக்கியிருக்கும். வண்டியைச் சக்கரக் கோணம் சரிபார்க்கும் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றி ஸ்பேனர் போட்ட பிறகுதான் இது தெரியவரும். அதற்குள் பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் வரிசையில் நிற்கும். தவறுகள் அந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, சுற்ற வருகிற பக்கத்தை மட்டும் சுற்றிவிட்டு வண்டியை இறக்குவது. வலது டை ராட் அசையவில்லை என்றால், திருத்த வேண்டிய டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) முழுவதையும் இடது பக்கத்திலேயே கொடுத்துவிடுவார்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்த மொத்த டோ சரியான அளவுக்கு வந்துவிடும். ஆனால் நேர் ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். என் காருக்கு ஒரு கடையில் இப்படித்தான் செய்தார்கள். கோணலாக இருக்கிறதே என்று கேட்டபோது, ஸ்டியரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீல் நேராகத் தெரியும், ஆனால் உள்ளே ராக் (ஸ்டியரிங்கைச் சுற்றும்போது இடவலமாக நகர்ந்து டை ராடைத் தள்ளும் பல் தண்டு) நடுவில் இருக்காது. வண்டி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். ஏர்பேக் உள்ள வண்டியில் வீலுக்குக் கீழே சுருள் கேபிள் ஒன்று இருக்கிறது. கழற்றும்போது அது நடுவிலிருந்து விலகிவிட்டால், பிறகு ஒருநாள் முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும். ஸ்டியரிங் கோண சென்சார் உள்ள வண்டிகளில் அதன் கணக்கும் தப்பிப்போகும்.

அடுத்தது எண்ணெய். தெளித்த கையோடு ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் அது எதற்கும் உதவாது. டபிள்யூ டி 40 எல்லாக் கடையிலும் இருக்கும். 1953-ல் அது ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருவைப் பிளந்து மரைக்குள் இறங்க, அதற்கென்றே விற்கும் பெனட்ரேட்டிங் எண்ணெய் மேல். அதுவும் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே அடித்து ஊறவிட வேண்டும். கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் அலைன்மென்டுக்குப் போவதற்கு முந்தின நாள் இதை நாமே செய்துவிடலாம்.

இழுக்கும்போது ஸ்பேனர் இரண்டு வேண்டும். ஒன்றால் டை ராட் எண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் லாக் நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் தொங்கினால் அந்த முறுக்கு முழுவதும் எண்டின் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டில் போய் விழும். இன்னொன்று, சில வண்டிகளில் ஒரு பக்கம் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் கழலும் மரை இருக்கும். அதைப் பார்க்காமல் பலம் கொடுப்பவர் உண்மையில் இறுக்கிக்கொண்டிருப்பார். டை ராடில் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் உண்டு. அதை விட்டுவிட்டு மரை மேல் பைப் ரெஞ்சைப் போட்டால் மரை நசுங்கிவிடும், அப்புறம் புது எண்ட் கூட ஏறாது.

கேஸ் நெருப்பு காட்டுவது எனக்குப் பயமான விஷயம். டை ராட் எண்டுக்குள் கிரீஸும் பிளாஸ்டிக் இருக்கையும் இருக்கின்றன, சூட்டில் இரண்டும் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், சில மாதத்தில் ஆட்டம் கொடுக்கும். இந்தப் பக்கம் ராக்கின் முனையை மூடும் ரப்பர் பூட், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் என்றால் எண்ணெய்க் குழாய், போதாததற்கு முன்பு தெளித்த எண்ணெய். எல்லாமே தீப்பிடிப்பவை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம், அந்த இரும்பு பின்னால் முறியக்கூடும். நட்டை மட்டும் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டர் இருக்கும் கடை என்றால் நல்லது. நெருப்பு பட்ட எண்டைத் திரும்பப் போடக் கூடாது.

நட் விட்டுக்கொடுத்த சந்தோஷத்தில் மறந்துபோகும் ஒரு சின்ன வேலை உண்டு. ராக் பூட்டின் வெளிமுனையில் இருக்கும் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் டை ராடைச் சுற்றினால் பூட்டும் கூடவே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இடத்தில் கிழியும், தண்ணீர் உள்ளே போகும், ராக் துருப்பிடிக்கும். சின்ன கார்களுக்கு டை ராட் எண்ட் சில நூறு ரூபாய்ப் பொருள். ராக் பல ஆயிரம்.

இவ்வளவு செய்தும் வரவில்லையா? சரி, எண்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். பால் ஜாயிண்டைப் பிரிக்க ஸ்டட்டின் தலையில் சுத்தியலால் அடிக்காமல், பிரித்தெடுக்கும் கருவியான புல்லர் போடட்டும். பழையது எத்தனை சுற்றில் நின்றது என்று குறித்துவைத்தால் புதியதைக் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிறுத்தலாம், ஆனால் அதுவே அலைன்மென்ட் ஆகிவிடாது. பல கார்களில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நீளம் மாறும். சக்கரத்தில் அது அரை டிகிரிக்கும் மேல். டயர் தேய அவ்வளவே அதிகம்.

பார்ச்சூனர் மாதிரி வண்டிகளில் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில், சக்கரக் கோணத்தை மாற்றுவதற்காக இருக்கும் கேம் போல்ட்டும் இப்படி இறுகும். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்திருக்கும். திருப்பினால் திரும்புவதுபோல் தெரியும், ஆனால் முறுக்குவது ரப்பர்தான். விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கடைசியில் லாக் நட் இறுக்கினார்களா என்று கண்ணால் பாருங்கள். எண்டைப் பிடிப்பது தலையில் வெட்டுகள் உள்ள காஸல் நட் என்றால், அதைக் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும். துளை நேராக வருவதற்காக நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். திருத்துவதற்கு முன், பின் என்று இரண்டு அளவும் உள்ள பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள்.

என் காரில் மாட்டும்போது மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம் வண்டியை ஏற்றினார்கள், இரண்டு பக்க லாக் நட்டும் ஒரே இழுப்பில் விட்டன.