பழைய போர் விமான வரைபடமா? முதலில் சக்கரத்தைப் பாருங்கள்

விமான சிமுலேட்டருக்காகப் பழைய போர் விமானத்தை உருவாக்குகிறவர்கள், வரைபடத்தைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பின்னணியாக வைக்கும் முன், பக்கவாட்டுப் படத்திலுள்ள சக்கரத்தின் மேல் சரியான வட்டம் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். சக்கரம் ஒரு திசையில் பிதுங்கினால் படம் இழுபட்டிருக்கிறது. அந்தத் திசையில் சுருக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. முன்பக்கப் படத்தில் எஞ்சின் மூடியின் வளையத்தையும் இப்படியே சோதிக்கலாம்.

தாளை உருளை இழுத்துச்செல்லும் ஸ்கேனர்கள் படத்தை ஒரே திசையில் நீட்டிவிடக்கூடும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் ஐப்பசி அடைமழையில் தாளும் ஈரம் குடித்து, நாரின் குறுக்கே சற்றுக் கூடுதலாக விரியும். ஆனால் அது சிறு பிசகுதான். சக்கரமோ வட்டமாகத்தான் இருந்தாக வேண்டும் என்பதால், விமானத்தின் அளவு தெரியாமலே பிழை பிடிபட்டுவிடும்.

மேலிருந்து பார்க்கும் படத்தில் வட்டம் கிடைப்பது அரிது. அங்கே எண்கள்தான் துணை. 1937இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த கிளாஸ்டர் கிளாடியேட்டர் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 9.83 மீட்டர், நீளம் 8.36 மீட்டர். படத்தில் இறக்கை 1180 பிக்சல் என்றால் நீளம் ஏறக்குறைய 1003 வர வேண்டும்.

புகைப்படங்களுக்கு இது உதவாது. கோணம் மாறினால் வட்டமே நீள்வட்டமாகத்தான் தெரியும். தரையில் நிற்கும் நிலையில் வரைந்த படத்தில் டயரின் அடி தட்டையாக இருக்கலாம்; அப்போது டயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வட்டத் தகட்டை அளவுக்கு எடுங்கள்.