பாலிஷ் போட்ட கார் வெயிலில் வட்ட வட்டமாகத் தெரிகிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் என் காரை ஒரு டீடெய்லிங் கடையில் விட்டேன். "ரப்பிங், பாலிஷ் எல்லாம் சேர்த்துப் பண்ணிடறோம் சார், புது வண்டி மாதிரி ஆயிடும்" என்றார்கள். ஆனது. சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில், கறுப்பு பானெட்டைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம் இரண்டு தடவை கழுவினேன். மூன்றாவது வாரம், காலை எட்டரை மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கிறேன்; பக்கவாட்டு வெயிலில் பானெட் முழுக்கச் சிலந்தி வலை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வெயில்ல பார்த்தா எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்றார்கள். அந்தக் கதை அவ்வளவுதான். அதன்பிறகு நானே இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து சரிசெய்தேன். முதல் தடவை செய்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வீட்டில் பழைய எவர்சில்வர் டம்ளரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பாருங்கள். நார் போட்டுத் தேய்த்த கீறல்கள் வெளிச்சத்தைச் சுற்றி வட்டமாகத் தெரியும். உண்மையில் அவை எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக விழுந்தவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. டம்ளரை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். கார் பெயிண்ட்டில் ஸ்வர்ல் என்று சொல்வது இதைத்தான்.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தில் அல்ல, அதன் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டில். கம்பெனியில் அடித்து வரும் கிளியர் கோட் சாதாரணமாக 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாலிஷ் போடுவது என்றால் எதையோ மேலே பூசுவது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பூசுவதில்லை, தேய்த்து எடுக்கிறோம். கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பரப்பைச் சீவி விட்டால், கீறல் இல்லாமல் போகிறது. நகைக்கடைப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு பாலிஷுக்கும் சேதாரம் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இதே கிளியர் கோட்தான். அது போனால் அடுத்த கத்திரியில் கூரை தோலுரியும். அதனால், இருப்பதிலேயே குறைந்த சேதாரத்தில் வேலையை முடிப்பதுதான் கீழே வரும் அத்தனை படிகளுக்கும் கணக்கு.

படி 1: என்ன கோளாறு என்று பாருங்கள்

காரைக் கழுவித் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து (ஒரு பங்கு ஆல்கஹால், நாலு பங்கு தண்ணீர்) தெளித்து பானெட்டில் ஓர் இடத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். கடையில் தடவியிருக்கும் எண்ணெய்ப் பசை, கீறலை நிரப்பும் கிளேஸ் எல்லாம் போய்விடும். எண்ணெய் தடவிய கத்தரிக்காய் சந்தையில் பளபளப்பது போலத்தான் கடையிலிருந்து வந்த அன்றைய மினுமினுப்பு. இரண்டு தடவை கழுவியதும் போய்விட்டது அதனால்தான்.

இப்போது வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய், செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை என்றால் ஸ்வர்ல். அழுக்குத் துணியால் வந்தது. வெயிலில் பார்க்கும்போது அலை அலையாக, பட்டை பட்டையாக, நீங்கள் நடக்க நடக்கக் கூடவே ஓடினால் அது ஹோலோகிராம். ரோட்டரி மெஷினில் (ஆடாமல் ஒரே அச்சில் சுற்றுவது) கரடுமுரடான கம்பளி பேடு போட்டு ஓட்டிவிட்டு, அடுத்த மென்மையான பாலிஷைச் செய்யாமல் விட்டால் வருவது. மோசமான டீடெய்லிங் வேலையின் கையெழுத்து என்றே சொல்லலாம். என் வண்டியில் இரண்டும் இருந்தன.

வெள்ளையாக, சொட்டுச் சொட்டாக இருந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நன்றாகக் கழுவுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் பெயிண்ட்டை அரித்துவிட்டது, பாலிஷில்தான் போகும்.

விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டுகிற கீறலை இந்த முறையில் முழுசாக எடுக்க முயலாதீர்கள். சேதாரம் தாங்காது.

படி 2: தொடலாமா வேண்டாமா

மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத) பெயிண்ட், வைனல் ராப் (பெயிண்ட் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் உறை) என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். செராமிக் கோட்டிங் போட்டிருந்தால், பாலிஷ் போடும் இடத்தில் அது போய்விடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கேஜ் யாரிடமாவது கிடைத்தால் கடன் வாங்குங்கள். அது கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. தகட்டின் மேலுள்ள மொத்தத்தையும் சேர்த்துக் காட்டும். பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரும். ஒரு கதவு மட்டும் 250, 300 என்றால் அது மறுபடி பெயிண்ட் அடித்தது. இன்னும் மேலே போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பழைய கார் வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் சில குடும்ப ரகசியங்கள் வெளிவரும். 80க்குக் கீழே காட்டினால், ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்துவிட்டார்கள்; அந்தப் பேனலை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது.

படி 3: சாமான்கள்

டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள். இது சுழலவும் செய்யும், கூடவே ஆடவும் செய்யும். அதனால் ஒரே இடத்தில் சூடு எளிதில் ஏறாது, ஹோலோகிராமும் விழாது. ரோட்டரி முதல் முறைக்கு வேண்டாம். பக்கத்து வெல்டிங் பட்டறை கிரைண்டரில் பேடு மாட்டுகிற யோசனை கனவிலும் வேண்டாம்: ரோட்டரி பாலிஷரே நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுதான், கிரைண்டர் 11,000க்குப் பக்கம் சுற்றும். பெயிண்ட் கருகிவிடும்.

5 அங்குல பேக்கிங் பிளேட் (மெஷினில் பேடு ஒட்டும் தட்டு), அதற்கேற்ற ஃபோம் பேடுகள் (மென்மையானது நாலு, நடுத்தரமானது இரண்டு), ஒரு ஃபைன் பாலிஷ், ஒரு காம்பவுண்டு (அதை விடக் கரடாகத் தேய்ப்பது), கிளே பார் (பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் போன்ற கட்டி), மாஸ்கிங் டேப், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணி. 3எம், மெகுயர்ஸ் போன்றவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் கடைகளில் கிடைக்கும். பேடு விஷயத்தில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். ஒரே பேடில் முழு காரையும் முடிக்கலாம் என்று பார்த்தேன்; மூன்றாவது பேனலிலேயே அது சகதி பிடித்து, எடுத்ததை விட அதிகமாகக் கீற ஆரம்பித்தது.

படி 4: கழுவுதல், கிளே

இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணி வண்டியைத் தொட்டு வந்ததும் முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே. மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டோரம் நிறுத்துகிறவர்கள், துணி படும் முன்பே ஹோஸில் நன்றாக மண்ணை இறக்கிவிடுங்கள்.

காய்ந்தபின் கையில் மெல்லிய பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் கிளே தேவை. ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்க விடுங்கள். சப்பாத்தி மாவு போல அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், பரிதாபம் பார்க்காதீர்கள்.

பிறகு கழுவித் துடைத்து, கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், லோகோ, பேனல்களின் கூர்மையான ஓரங்கள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். ஓரங்களில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசு. அங்கேதான் முதலில் தகடு தெரியும்.

படி 5: சோதனைக் கட்டம்

இந்தப் படியைத் தவிர்க்காதவர்களுக்குத்தான் வேலை கெடாமல் வருகிறது. பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மென்மையான பேடு, ஃபைன் பாலிஷ். அதில் ஆரம்பியுங்கள், காம்பவுண்டில் அல்ல.

பேடில் பட்டாணி அளவு நாலைந்து பொட்டு. புது பேடு என்றால் முதலில் பரப்பு முழுக்க லேசாகத் தடவிப் பதப்படுத்துங்கள். மெஷினை வண்டியில் வைத்த பிறகுதான் சுவிட்ச். முன்னாலேயே போட்டால் சுவரெல்லாம் புள்ளிக் கோலம். வேகம் ஒன்றில் பரப்பி, நாலு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நிதானமாக நகர்த்துங்கள். முந்தைய பட்டையின் பாதியை மூடியபடி அடுத்த பட்டை. ஒரு தடவை இடவலம், அடுத்த தடவை மேல்கீழ், இப்படி நாலிலிருந்து ஆறு. பேடு தட்டையாகவே இருக்க வேண்டும். அழுத்தம் அதிகமானால் டிஏ சுழலாமல் வெறுமனே நடுங்கும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் சுழல்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு கோடு எனக்கு அரை நாள் மிச்சம் பிடித்தது.

துடைத்து, ஆல்கஹால் கலவை தெளித்து மறுபடி துடைத்து, டார்ச். கீறலில் முக்கால்வாசி போய்விட்டால் உங்கள் வண்டிக்கு அதுவே மருந்து, மீதியைத் துரத்தாதீர்கள். போகவில்லை என்றால் அதே பாலிஷை நடுத்தர பேடில். அப்போதும் போகவில்லை என்றால்தான் காம்பவுண்டு. கம்பெனிக்குக் கம்பெனி கிளியர் கோட்டின் கடினம் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் காரில் வேலை செய்த பேடு, பாலிஷ் ஜோடி உங்களுக்குச் சரிப்படும் என்று இல்லை. எனக்கு ஹோலோகிராம் மென்மையான பேடிலேயே போய்விட்டது. ஸ்வர்லுக்கு மட்டும் நடுத்தர பேடு தேவைப்பட்டது. காம்பவுண்டு பாட்டில் இன்னும் சீல் உடைக்காமல் அலமாரியில் இருக்கிறது.

படி 6: முழு வண்டி

கண்டுபிடித்த பேடு, பாலிஷ் ஜோடியை அப்படியே இரண்டடிக் கட்டங்களாக எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடை நைலான் பிரஷால் தேய்த்து விடுங்கள், இரண்டு பேனலுக்கு ஒரு தடவை பேடை மாற்றுங்கள். புறங்கையால் பேனலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெதுவெதுப்பு சரி, கை சுட்டால் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியேற்றாது, அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறையுங்கள். மெஷின் வயர் தோளுக்கு மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவே பானெட்டைக் கீறும்.

சென்னையில் எப்போது செய்வது? அடுக்குமாடியில் பேஸ்மெண்ட் பார்க்கிங் இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். இல்லையென்றால் காலை ஆறு மணி, மரநிழலில். பேனலில் வெயில் பட்டால் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சித்திரை வைகாசியில் ஆரம்பிக்கவே வேண்டாம். மார்கழி, தை அருமை. ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம். கை சோர்ந்தபிறகு செய்த என் டிக்கி, மற்றப் பகுதிகளை விட இன்றும் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்கிறது.

காம்பவுண்டு போட்டவர்கள் மட்டும், மென்மையான பேடில் ஃபைன் பாலிஷை இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும். கடைக்காரர்கள் தவிர்த்தது இந்தச் சுற்றைத்தான்.

படி 7: மூடி போடுதல்

ஆல்கஹால் கலவையால் கடைசியாகத் துடைத்து, சிந்தெடிக் சீலண்ட் (பெயிண்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) மெல்லிசாகத் தடவுங்கள். கார்னௌபா மெழுகு அழகுதான், பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுப்பது. ஆனால் நம்மூர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கறுப்பு வண்டியில் அது நிலைக்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று வாங்கும் வண்டிகளுக்கும் சீலண்டே என் தேர்வு.

இனி யார் துடைப்பது

எங்கள் அடுக்குமாடியில் ஓர் அண்ணன் காலையில் இருபது கார்களைத் துடைக்கிறார். ஒரு பக்கெட், ஒரு துணி. பதினைந்தாவது வண்டியின் மண் பதினாறாவது வண்டியில் உப்புத்தாளாக வேலை செய்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கு ஒரு வண்டிக்கு மூன்று நிமிடம்தான். "அண்ணே, என் வண்டிக்கு உள்பக்கமும் கண்ணாடியும் மட்டும் பாருங்க, மேல நான் பாத்துக்கறேன், காசு அதேதான்" என்றேன். "பெயிண்ட் தேயுதுன்னு பயமா சார்?" என்று சிரித்தார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இன்னொன்று வீட்டுக்குள்ளேயே நடப்பது. ஆயுத பூஜைக்கு பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, காய்ந்தபின் வறட்டுத் துணியால் அழுத்தித் துடைக்கிறோமே, அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்த பூஜைக்குப் பொட்டு முன்கண்ணாடியில் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.