டவர் இல்லாத ஊரில் இறங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடுகிறது. எதற்கும் டவரை, அதாவது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் கோபுரத்தை, கேட்பது. டாக்சி செய்ய (தரையில் விமானத்தை ஓட்டிச்செல்ல), ஓடுபாதைக்குள் நுழைய, கிளம்ப, இறங்க என்று எல்லாவற்றுக்கும் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர் சரி என்று சொல்ல வேண்டும். ஓடுபாதையின் நீளம் 3,352 மீட்டர். பெரிய ஜெட் இறங்கும் இடத்தில் செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம் இறங்கினால், பாதியைக்கூடத் தொடாமல் வெளியேறிவிடலாம்.

இப்படிப் பழகிய பிள்ளைகள்தான் பறந்த மணிநேரக் கணக்கைச் சேர்க்க அமெரிக்கா போகிறார்கள். அங்கே பொதுப் பயன்பாட்டில் உள்ள விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. டவர் இருப்பவை 500 சொச்சம்தான். மற்றவற்றில் ஓர் ஓடுபாதை, காற்றின் திசை காட்டும் ஒரு காற்றுப்பை, ஒரு எண்ணெய் பம்ப், நாலைந்து கொட்டகை, அவ்வளவுதான். அலுவலகம் இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும்.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்து அங்கே கிளம்பப் போகும் பட்டர்வொர்த் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, டவர் இல்லன்னா யாருகிட்ட பெர்மிஷன் கேக்குறது?"

"யாருகிட்டயும் கேக்க வேணாம். நீ என்ன செய்யப்போறன்னு சொன்னா போதும்."

அவன் நம்பவில்லை. நானும் முதலில் நம்பவில்லைதான். தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ரேடியோவை எடுத்துக்கொள்வோம். சுமார் 10 மைல் தூரத்திலிருந்தே நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று பொது அலைவரிசையில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பதில் வராது. வராததை அனுமதி என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு, யாருமே இல்லை என்று எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. பைப்பர் கப் மாதிரியான பழைய விமானங்களில் மின்சார வசதியே இருக்காது. ரேடியோ இல்லாமல் அங்கே இறங்குவது அவர்களுக்குச் சட்டப்படி சரி. வயலுக்கு மருந்தடிக்கும் விமானங்களோ தாழப் பறந்து எந்தத் திசையிலிருந்தும் முளைக்கும். காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

அடுத்து, ஊர்ப் பெயர். 122.8 போன்ற ஒரே அலைவரிசையைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் பேச ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், இருக்கும்போது இன்னொருவரும் அதே எண்ணுள்ள ஓடுபாதைக்கு ஃபைனல் என்றார். வயிறு கலங்கிவிட்டது. ஏறி, சுற்றி, தேடிப் பார்த்தேன், யாரையும் காணோம். மனிதர் 40 மைல் தள்ளி வேறொரு ஊரில் இறங்கிக்கொண்டிருந்தார். முதலில் அவர் சொன்ன பெயர் என் காதில் விழவில்லை, கடைசியில் அவர் சொல்லவே இல்லை.

"எனி டிராஃபிக் இன் தி ஏரியா, ப்ளீஸ் அட்வைஸ்" என்று கேட்பது இன்னொரு தொற்றுவியாதி. அங்குள்ளவர்களே நிறையப் பேர் சொல்வார்கள், கேட்டு நாமும் பழகிவிடுவோம். அமெரிக்க விமானத் துறையின் கையேடே இதைச் சொல்லாதே என்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் கேட்பது இரைச்சல் மட்டுமே.

ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று யாரும் சொல்லப் போவதில்லை என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. முன்னால் போனவர் 22 என்று எண்ணிட்ட முனையில் இறங்கினார் என்பதற்காக நீங்களும் 22இல் இறங்க வேண்டாம், அவர் போனபின் காற்று மாறியிருக்கலாம். சர்க்யூட் (இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதை) உயரத்துக்கு நன்றாக மேலே கடந்துபோய்க் காற்றுப்பையைப் பாருங்கள். வரைபடத்தில் வலப்பக்கம் என்று குறிக்காதவரை எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான்.

இப்போது என்னை உண்மையிலேயே பயமுறுத்திய விஷயம்: அளவுகள். அமெரிக்காவில் ஓடுபாதை நீளத்தை அடியில் போடுவார்கள். வரைபடத்தில் 3,000 என்று பார்த்ததும் நம் ஊர்க் கண் அதை மீட்டராகப் படித்து, பாயான் லெப்பாஸ் மாதிரிதானே என்று நிம்மதி அடையும். உண்மையில் அது 914 மீட்டர். அகலமும் அப்படித்தான். 45 மீட்டர் அகலத்துக்குப் பழகிய கண்ணுக்கு, 18 மீட்டர் ஓடுபாதை தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உயரமாக வருகிறோம் என்று நினைத்துத் தாழ்ந்துகொண்டே வருவோம். ஓடுபாதைக்கு முன்னால் மரமோ வேலியோ இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஆல்டிமீட்டரில் (உயரம் காட்டும் கருவி) வைக்க வேண்டிய காற்றழுத்தத்தை இங்கே 1010 என்று ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள். அங்கே 29.92 என்று பாதரச அங்குலத்தில். ஓர் அங்குலம் மாற்றி வைத்தால் சுமார் 1,000 அடி பிழை. அது கிட்டத்தட்ட சர்க்யூட்டின் மொத்த உயரம்.

அப்புறம் உயரம். பாயான் லெப்பாஸ் கடலை ஒட்டிய இடம். வெயில் நமக்குப் புதிதல்ல. மதியம் 32 டிகிரியில் இங்கே கிளம்பினாலே, சூட்டில் காற்று மெலிந்து, விமானத்தைப் பொறுத்தவரை அது 2,000 அடி உயரத்துக் காற்று. ஆனால் அமெரிக்காவில் தளமே 5,000 அடியில் இருந்து, வெப்பமும் 30 டிகிரியாக இருந்தால் அது 8,000 அடிக் காற்று. இறக்கை, புரொப்பெல்லர், இஞ்சின் மூன்றுக்கும் மூச்சு முட்டும், தரையில் ஓட வேண்டிய தூரம் எகிறிவிடும். இங்கே செய்வதுபோல மிக்ஸ்சர் (எண்ணெய்-காற்றுக் கலவை) நெம்புகோலை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினால் இஞ்சினுக்கு எண்ணெய் அதிகமாகி, இருக்கும் சக்தியும் குறையும். விமானத்தின் கையேட்டைப் பார்த்து, ஆர்பிஎம் (இஞ்சின் சுழலும் வேகம்) உச்சத்துக்கு வரும்வரை கலவையை மெலிதாக்க வேண்டும். சர்க்யூட் 1,000 அடி என்பதும் தரையிலிருந்து கணக்கு, ஆல்டிமீட்டரில் அது 6,000 என்று காட்டும். காலை 7 மணிக்குக் கிளம்பிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. மதியத்தில் நான் கிளம்புவதில்லை.

எண்ணெய் பம்பில் ஆள் இருக்கமாட்டார், நீங்களே நிரப்ப வேண்டும். முதலில் எர்த் கம்பியை மாட்டுங்கள். 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீல நிறத்தில் இருக்கும். வேறு நிறமென்றால் நிறுத்துங்கள். கணக்கு கேலனில் வரும், ஒரு கேலன் 3.785 லிட்டர். ஒரு பம்ப் என்னிடம் வங்கி அட்டையின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டது. 11900 என்று நம் வீட்டுக் குறியீட்டையே அடித்தேன், ஏற்கவில்லை. சாயங்காலம், பக்கத்தில் ஆளில்லை. அன்று இரவு அந்த ஊரிலேயே தூங்கினேன். அன்றிலிருந்து திரும்பி வருவதற்கும் சேர்த்து எண்ணெய் இல்லாமல் எந்தச் சின்ன ஊருக்கும் போவதில்லை.

இரவில் விளக்கை நீங்கள்தான் போட வேண்டும். மைக் பொத்தானை 5 வினாடிக்குள் 7 தடவை அழுத்தினால் முழு வெளிச்சம், 5 தடவை நடுத்தரம், 3 தடவை மங்கல். 15 நிமிடம் எரியும். தவறு எங்கே நடக்கும் என்றால், உங்களுக்கு முன் வந்தவர் போட்ட விளக்கு எரிவதைப் பார்த்துச் சும்மா இருந்துவிடுவோம். ஃபைனலில் வரும்போது அவருடைய 15 நிமிடம் முடிந்துவிடும். எரிந்துகொண்டிருந்தாலும் நீங்களும் அதேபோல மறுபடி அழுத்திவிடுங்கள். சரியான அலைவரிசையில்தான் இருக்கிறோமா என்றும் பாருங்கள்.

சில ஊர்களில் வந்து இறங்குபவர்களுக்கென்று ஒரு பழைய கார் நிற்கும். சாப்பிடப் போய்வரலாம். பெட்ரோல் போட்டுத் திருப்பி வையுங்கள், வலப்பக்கமாக ஓட்டுங்கள்.

இதெல்லாம் பழகிய பிறகு ஒரு தலைகீழ் ஆபத்து உண்டு. நான் ஊர் திரும்பி முதல் நாள் பறக்கப் போனபோது, ஓடுபாதைக்கு முன் உள்ள கோட்டருகே வந்து இடமும் வலமும் பார்த்தேன். காலியாக இருந்தது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே பிரேக்கை விட்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த பயிற்சியாளர் பிரேக்கை மிதித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டவரைக் கை காட்டினார்.