மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றி நடப்பது எப்படி: சத்தியமங்கலத்தில் இருந்து ஒரு வழிகாட்டி

சத்தி, அதாவது சத்தியமங்கலம் பக்கம் நடக்கப் போகலாம் என்று கேட்டு வருகிற நண்பர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்குவதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குள் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. ஆற்றின் வடக்குக் கரைப் பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், மேற்கே முதுமலை. யானையும் புலியும் கரடியும் இருக்கிற அந்தக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் சட்டப்படி குற்றம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்று பக்கமும் முறையாக நடக்க இடம் இருக்கிறது: கிழக்கே பவானி ஆற்றுச் சமவெளி, தெற்கே கோத்தகிரி மலை விளிம்பு, வடக்கே தாளவாடி மேட்டுநிலம். மூன்றையும் நடந்து முடித்தவருக்கு இந்த ஆற்றின் வடிவம் மனதில் அப்படியே பதிந்துவிடும், ஜீப்பில் ஒரு மணி நேரம் சுற்றி வந்தவருக்கு அது கிடைக்காது.

கிளம்பும் முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சத்தியமங்கலம் பல நூற்றாண்டுகளாக எல்லை ஊர். மேலே மைசூர், கீழே கொங்குச் சமவெளி, நடுவில் கணவாய்கள். மைசூர்ப் படை கீழே இறங்க வேண்டுமென்றால் கஜலட்டிக் கணவாய் வழியாக மாயாற்றுப் பக்கம் வந்துதான் சத்திக்குத் திரும்பும். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அப்படித்தான் இறங்கி வந்தார், சத்தியில் கர்னல் ஃபிளாய்டின் ஆங்கிலேயப் படையுடன் கடும் சண்டை நடந்தது, ஃபிளாய்ட் பின்வாங்கிப் போனார். கணவாய்க்குக் கீழே காவலாக நின்றது தண்ணாயக்கன் கோட்டை. போசளர் காலத்துத் தண்டநாயகர்களின், அதாவது படைத்தலைவர்களின் பெயரைத் தாங்கிய கோட்டை அது, இப்போது பவானிசாகர் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றுகிற ஆண்டுகளில் உள்ளே இருக்கும் கோயில் வெளியே தெரியும். பிறகு 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது, அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது, தாளவாடி இந்தப் பக்கமே நின்றது. இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் வழியில் கேட்கும் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சுக்குக் காரணம் புரியும்.

சரி, நடைக்கு வருவோம். பழக்கம் இல்லாதவர்கள் நேராக மலைக்குப் போக வேண்டாம். இரண்டு மூன்று வாரம் படி ஏறிப் பழகுங்கள். கோபியில் (கோபிச்செட்டிபாளையம்) இருப்பவர்களுக்குப் பச்சமலையும் பவளமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன, ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை. சென்னிமலையில் 1,320 படிகள். மூச்சு வாங்காமல், வழியில் பேசிக்கொண்டே ஏற முடிகிற நாளில் நீங்கள் தயார் என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள், ஏறுவதைவிட அதுதான் முக்கியம்.

முதல் நாளுக்கு நான் சொல்வது கொடிவேரி. சத்திக்கும் கோபிக்கும் நடுவில் பவானி ஆற்றுக்குக் குறுக்கே உள்ள பழைய அணைக்கட்டு, அதிலிருந்து ஆற்றின் இடது பக்கம் அரக்கன்கோட்டை வாய்க்காலும் வலது பக்கம் தடப்பள்ளி வாய்க்காலும் பிரிகின்றன. தடப்பள்ளிக் கரையைப் பிடித்துக் கோபிப் பக்கம் நடந்தால் இரண்டு புறமும் நெல்லும் வாழையும் தென்னையும்தான், ஏற்றம் இறக்கம் கிடையாது, குழந்தைகளைக்கூட கூட்டிப் போகலாம். விடியும்போது தொடங்குங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் போதும், அப்புறம் ஏதாவது ஒரு பாலத்தில் மேலேறி ரோட்டுக்கு வழி கேட்டுப் பஸ் பிடித்துத் திரும்பிவிடலாம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் போனால்தான் அழகு, ஆனால் அப்போது கரை வழுக்கும், ஆழமும் இருக்கும், குளிக்க இறங்க வேண்டாம். அணைக்கட்டிலும் அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள்.

இன்னும் சீக்கிரம் எழ முடிந்தால் சத்தியைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்கள் வழியாக நடந்துவிட்டு கொடிவேரிக்குப் போங்கள். இருட்டு பிரியும் முன்பே பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருப்பார்கள், விரிவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். வேலை நேரம் அது. ஓரமாக நடந்து போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் நடக்கலாம், பவானிசாகரில் இருந்து கிளம்பி சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால் அது. ஆனால் நிழல் குறைவு, வெயிலில் சலிப்பாக இருக்கும், சைக்கிளுக்குத்தான் அது ஏற்றது. அதிலும் அணைக்குப் பக்கத்தில் உள்ள தொடக்கப் பகுதியை விட்டுவிடுங்கள். அங்கே காடு தொட்டுக்கொண்டு இருக்கிறது, நீர்த்தேக்கத்துக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். பவானிசாகரில் பூங்காவைப் பார்த்துவிட்டு, அணை மீன் வறுவல் ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளலாம். தெங்குமரஹாடா போக வேண்டும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். மாயாற்றைப் பரிசலில் கடந்து போகிற ஊர், காட்டுக்குள்ளே வயல்கள், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வெளியாட்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, "தெரிந்தவர் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிப் போகாதீர்கள். பிரச்சினை வந்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தலைவலி.

இரண்டாவது பக்கம் கோத்தகிரி. உண்மையில் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ஏறிக் கோத்தகிரி, அங்கிருந்து கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர் கோடநாடு காட்சிமுனை. பஸ் இருக்கிறது. கடைசிச் சில கிலோமீட்டரை நடந்தே போங்கள் என்பேன், தேயிலைக்கு நடுவில் வளைந்து போகும் தார்ச்சாலைதான், ஆனால் மெல்ல மெல்லக் காற்று மாறுவது நடந்தால்தான் தெரியும். காட்சிமுனையில் நின்றால் தரை சட்டென்று முடிந்துவிடும். கீழே மாயாறு வெள்ளிக் கம்பி போல வளைந்து கிழக்கே போகிறது, தெங்குமரஹாடாவின் வயல்கள் பச்சைத் துண்டாகத் தெரிகின்றன, தெளிவான நாளில் தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கமும் தெரியும். எதிரே தலமலைப் பக்கத்து மலைகள். திப்புவின் படை எந்தப் பக்கம் இறங்கியது, கோட்டை ஏன் அங்கே இருந்தது, எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் மேகம் ஏறினால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அங்கே கொஞ்ச நேரம் வானத்தையும் பாருங்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) இன்னும் கூடு கட்டுகின்றன, தென்னிந்தியாவில் அவற்றுக்கு மிஞ்சி இருக்கும் சில இடங்களில் இதுதான் முக்கியமானது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் ஊசி போடும்போது என்ன மருந்து என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நம் கொங்கில் மாடு இல்லாத தோட்டம் குறைவு என்பதால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

காட்டு வழியில் நடந்தே தீர வேண்டும் என்றால் அதற்கும் முறையான வழி வந்துவிட்டது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகி இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, 2024-ல் வனத்துறை தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து நடக்கிற மாதிரித் திறந்தது. அதில் கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் இருந்து இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ரங்கசாமி சிகரம், இன்னொன்று பொறிவரைப் பாறை ஓவியங்கள். கரிக்கையூர் இருளர் ஊர். உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள், என் பார்வையில் இந்தத் திட்டத்தின் சிறந்த பகுதி அதுதான். ரங்கசாமி சிகரம் அவர்களுக்குக் கோயில். செருப்பை எங்கே கழற்றச் சொல்கிறார்களோ அங்கே கழற்றுங்கள், சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். ஓவியத்தைத் தொடக் கூடாது, தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று படம் எடுக்கவும் கூடாது. பதிவு செய்யும்போது பாதையின் கடினம் என்ன என்று போட்டிருப்பதைப் படியுங்கள், கட்டணமும் தேதியும் மாறிக்கொண்டே இருப்பதால் அதை அந்தத் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. பிப்ரவரி நடுவில் இருந்து காட்டுத்தீக் காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி வரைதான் சரியான காலம். மழை ஓய்ந்த உடனே போனால் சோலைப் பக்கம் அட்டை கடிக்கும், பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.

மூன்றாவது பக்கம், எனக்கு மிகவும் பிடித்தது, தாளவாடி. சத்தியில் இருந்து பண்ணாரி, அங்கே அம்மனைக் கும்பிட்டுவிட்டு 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம். இந்த மலைப்பாதையில் யாரும் நடக்கக் கூடாது, வண்டியை நிறுத்தி இறங்கவும் கூடாது. காரப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் ரோட்டோரம் நின்று பழகிவிட்டன, கரும்பை வீசுபவர்கள் அந்த யானையைத்தான் கெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் இருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருப்பதால், மாலைக்குள் பண்ணாரிக்கு இறங்கிவிடுகிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

தாளவாடியில் நடப்பது காட்டுக்குள் இல்லை, ஊருக்கும் ஊருக்கும் நடுவில். முட்டைக்கோஸ், மஞ்சள், பூண்டு, ராகி, மக்காச்சோளம், செம்மண் வண்டிப்பாதை, வெயில் இருந்தாலும் குளிர் விலகாத காற்று. காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பாதீர்கள், மாலை நான்குக்கு மேல் வெளியே இருக்காதீர்கள். இரவு பயிருக்கு வந்த யானை விடிந்த பிறகும் ஓடைப் பக்கம் நிற்பது உண்டு. ஒரு தடவை நானும் என் மாமாவும் மக்காச்சோளக் காட்டு ஓரமாகக் குறுக்கு வழியில் போகக் கிளம்பினோம், அரை கிலோமீட்டர் மிச்சமாகும் என்று கணக்கு. வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து, "ஏனுங்க தம்பி, அந்தத் தடத்துல போகாதீங்க, ராத்திரி வந்தது இன்னும் ஏறலீங்க" என்றார். சாணி ஆவி பறந்துகொண்டிருந்தது, உண்ணிச்செடிப் புதருக்குள் கிளை முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது. திரும்பிவிட்டோம். அன்று முதல் ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் உட்கார்ந்து, இன்று எந்தப் பக்கம் யானை என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கிளம்புவேன். போன் வரைபடத்தில் இருக்கிற கோடு இதைச் சொல்லாது. தோட்டங்களைச் சுற்றி சூரிய மின்வேலி ஓடும், தொட வேண்டாம், அகழியைத் தாண்டி அந்தப் பக்கம் போகவும் வேண்டாம், அகழிதான் எல்லை.

கையில் எடுத்துப் போக வேண்டியது அதிகம் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பழகின ஷூ, தொப்பி, மங்கலான நிறத்துச் சட்டை, ஆதார் அட்டை (சோதனைச்சாவடியில் கேட்பார்கள்). சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், வாழை இலையில் கட்டினால் திரும்பிச் சுமக்கக் குப்பை இருக்காது. பிஸ்கட் பாக்கெட், தண்ணீர்ப் பாட்டில் எதுவும் வழியில் விழக் கூடாது, மான் தின்றுவிடும். சென்ட் பூச வேண்டாம். நான்கு பேர், ஆறு பேர் போதும், இருபது பேர் போனால் எதுவும் கண்ணில் படாது.

தாளவாடியில் நடை முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு ராகிக் களி கிடைக்கிற கடையைக் கேட்டுப் போங்கள், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் பஸ் நிலையத்துக்கு வந்து சத்தி பஸ் எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஜன்னலோர இடம் கிடைத்தால், திம்பத்துக்குக் கீழே சில வளைவுகளில் சமவெளி முழுக்கத் திறந்துகொள்ளும், முதல் நாள் நடந்த பவானிக் கரைப் பச்சை அங்கிருந்து ஒரு கோடாகத் தெரியும்.