டெர்மினலில் ஓடி மறையும் வரிகளைப் பிடித்து வைப்பது எப்படி

லினக்ஸில் ஒரு கட்டளை அரைமணி நேரம் ஓடி முடிந்தபின் மேலே உருட்டிப் பார்த்தால், முதல் பிழை வந்த இடமே காணாமல் போயிருக்கும். டெர்மினல் குறிப்பிட்ட அளவு வரிகளைத்தான் வைத்திருக்கும். அதனால் கட்டளையை ஓட விடும்போதே கோப்பில் சேமித்துவிட வேண்டும். கீழே உள்ளவை பாஷ் ஷெல்லுக்கானவை (ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்). கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

எளிய வழி இது (எல்எஸ், கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் கட்டளை):

எல்எஸ் > பட்டியல்

ஒற்றை > இருந்தால் கோப்பில் முன்பு இருந்தது அழிந்து புதியது எழுதப்படும். >> போட்டால் பழையதன் அடியில் சேரும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு வாரப் பதிவை இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. செட் -ஓ நோக்ளாபர் என்று ஒருமுறை கொடுத்துவிட்டால், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் > எழுத மறுத்துவிடும். தெரிந்தே அழிக்க நினைத்தால் >| போடலாம்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும்: கோப்பைத் திறப்பது கட்டளை அல்ல, ஷெல். அதுவும் கட்டளை தொடங்குவதற்கு முன்பே திறந்துவிடுகிறது. மேலே உள்ள பட்டியலுக்குள் ‘பட்டியல்’ என்ற பெயரும் இருப்பது அதனால்தான். இதே காரணத்தால், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையை

சார்ட் பெயர்கள் > பெயர்கள்

என்று கொடுத்தால் மிஞ்சுவது காலிக் கோப்பு. சார்ட் படிக்க வருமுன் ஷெல் அதைத் துடைத்துவிட்டது. சார்ட் -ஓ பெயர்கள் பெயர்கள் என்பதே சரி.

நிர்வாகி அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் சூடோவின் சிக்கலும் இதன் உறவுதான். சூடோ எக்கோ (எக்கோ, கொடுத்த சொற்களை அப்படியே வெளியிடும்) என்று தொடங்கி > வழியாக /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுத முயன்றால் அனுமதி இல்லை என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்குத்தான் கிடைத்தது. கோப்பைத் திறக்கும் ஷெல் சாதாரணப் பயனராகவே நிற்கிறது. எழுதும் வேலையை, தனக்கு வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் டீயிடம் கொடுங்கள் (| குறி முதல் கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும்):

எக்கோ 'சேர்க்க வேண்டிய வரி' | சூடோ டீ -ஏ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்

-ஏ விட்டுப்போனால் அந்தக் கோப்பில் இந்த ஒரு வரி மட்டுமே மிஞ்சும். என்டர் தட்டுமுன் ஒருமுறை பாருங்கள்.

சேமித்த பிறகும் பிழைச் செய்திகள் திரையிலேயே வருகின்றனவா? வெளியீடு 1, 2 என்று இரண்டு தடங்களில் வருகிறது, பிழைகள் 2-இல். > பிடிப்பது 1-ஐ மட்டும். இரண்டும் வேண்டுமானால் (மேக், மூலநிரலைத் தொகுக்கும் கட்டளை):

மேக் > பதிவு 2>&1

வரிசை முக்கியம். ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. 2>&1 முன்னால் வந்தால், ‘1 இப்போது போகும் இடத்துக்கே 2-உம் போகட்டும்’ என்று பொருள்; அந்த நேரத்தில் 1 போவது திரைக்கு. பிழைகள் திரையிலேயே தங்கிவிடும்.

திரையிலும் பார்க்க வேண்டும், கோப்பிலும் வேண்டும் என்றால்:

மேக் 2>&1 | டீ பதிவு-$(டேட் +%எஃப்)

$( ) உள்ளே இருக்கும் கட்டளையின் வெளியீடு அந்த இடத்தில் சொல்லாக அமரும். இங்கே கோப்புப் பெயரில் அன்றைய தேதி சேர்கிறது (எஃப் பெரிய எழுத்து). டீயோடு இரண்டு தொல்லைகள் வரும். மேக் தோற்றாலும் டீ வென்றுவிடுவதால், முந்தையது வென்றால் மட்டும் ஓடட்டும் என்று && போட்ட அடுத்த கட்டளையும் ஓடிவிடும்; முன்கூட்டியே செட் -ஓ பைப்ஃபெயில் கொடுங்கள். இரண்டாவது, வரிகள் உடனே வராமல் கொத்தாக வரும். வெளியீடு திரைக்குப் போகாவிட்டால் பல நிரல்கள் சேர்த்துவைத்தே எழுதுகின்றன. பைதானுக்கு -யு போதும். மற்ற பலவற்றுக்கு முன்னால் எஸ்டிடிபஃப் -ஓஎல் (எல் மட்டும் பெரிய எழுத்து) சேர்த்துப் பாருங்கள்.

முழு அமர்வையும், தட்டிய கட்டளைகளோடு பதிய, ஸ்கிரிப்ட் அமர்வு.லாக் என்று தொடங்கி எக்ஸிட் என்று முடியுங்கள். நிறக் குறியீடுகளும் பதிவதால் சாதாரணமாகத் திறந்தால் அலங்கோலமாகத் தெரியும். லெஸ் -ஆர் (பெரிய எழுத்து) கொண்டு பாருங்கள்.

தட்டிய கட்டளையை மறுபடி எடுக்க மேல் அம்புக்குறியை நாற்பது முறை அழுத்த வேண்டாம். கன்ட்ரோல்+ஆர் அழுத்தி நினைவிருக்கும் துண்டைத் தட்டினால் வந்து நிற்கும். ஆல்ட்+. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவரும். நீளமான கோப்புப் பாதைகளுக்கு இதைவிட உதவியானது இல்லை. சூடோ !! முந்தைய கட்டளையை அப்படியே சூடோவுடன் ஓட்டும்.

பாஷ் இயல்பாக நினைவில் வைப்பது 500 கட்டளைகள். ஹிஸ்ட்சைஸ் மாறியில் (முழுதும் பெரிய எழுத்து) கூட்டலாம். அவை வரலாற்றுக் கோப்பில் எழுதப்படுவது ஷெல்லை மூடும்போது. இரண்டு சன்னல்களில் வேலை செய்தால் கடைசியாக மூடியது மற்றதன் வரலாற்றை அழித்துவிடும். வீட்டுக் கோப்புறையில் உள்ள .பாஷ்ஆர்சி கோப்பில் ஷாப்ட் -எஸ் ஹிஸ்ட்அப்பெண்ட் என்ற வரியைச் சேர்த்தால் இரண்டும் தங்கும். கட்டளையோடு தட்டிய கடவுச்சொல்லும் வரலாற்றுக் கோப்பில் தங்கும். ஹிஸ்ட்கன்ட்ரோல் மாறியில் (இதுவும் முழுதும் பெரிய எழுத்து) இக்னோர்ஸ்பேஸ் இருந்தால், முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டிய கட்டளை பதிவாகாது.