களிமண்ணில் மூளை: கருவின் நான்காம் வாரத்தை வகுப்பில் செய்து காட்டும் முறை

உயிரியல் ஆசிரியராக நான் பார்த்தவரை, கருவில் மூளை உருவாகும் பாடத்தைப் படம் போட்டு நடத்தினால் அம்புக்குறிகள்தாம் மாணவர் மனத்தில் தங்குகின்றன. தட்டையாக இருந்த ஒன்று குழாயாகச் சுருள்வதைக் கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும். அதனால் இந்தப் பாடத்துக்குக் களிமண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நேரத்தில் பெரும்பகுதியை முதல் நான்கு வாரத்துக்கே ஒதுக்குங்கள். பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்று நிறக் களிமண் வேண்டும். நீலத்தைச் செருப்பின் அடிப்பாகம்போல் தட்டுங்கள். தலைப்பக்கம் அகலம், வால்பக்கம் குறுகல். இதுதான் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புத் தட்டு. கருவுற்ற மூன்றாம் வாரத்தில் தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களிலும் மெல்லிய சிவப்புத் திரி, அதற்கு வெளியே மஞ்சள் பட்டை. மஞ்சள் நாளைய தோல். மூளையும் மேல்தோலும் ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன என்று இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் தங்கள் கையைத் தடவிப் பார்ப்பார்கள்.

இப்போது நீலத்தின் நடுவே பென்சிலை நீளவாக்கில் அழுத்திப் பள்ளம் செய்து, பென்சிலை அங்கேயே விட்டுவிட்டு, இரு கரைகளையும் மெல்ல உயர்த்துங்கள். முதலில் ஒட்ட வேண்டிய இடம் நுனி அல்ல, வருங்காலக் கழுத்துப் பகுதி. ஏறத்தாழ 22ஆம் நாளில் கரைகள் அங்கே இணைகின்றன. அப்போது கருவின் நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்! அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடிக்கொண்டே போங்கள். பென்சிலை உருவியபின் உள்ளே வெற்றிடம் இருக்க வேண்டும். மூளைத் தண்டுவட நீர் நிறையும் அறைகள் அதிலிருந்துதான் வருகின்றன. நீலக் குழாய் கீழே தங்க, மஞ்சள் பட்டைகள் மேலே ஒன்றுசேரட்டும். இடையில் சிக்கிய சிவப்புத் திரியைப் பிய்த்து ஆங்காங்கே வையுங்கள். அந்தத் திரி குறிக்கும் அணுக்கள் உடலெங்கும் இடம்பெயர்ந்து நரம்பு முடிச்சுகளாகவும், தோலுக்கு நிறம் தரும் அணுக்களாகவும், முக எலும்புகளில் பலவாகவும் மாறுகின்றன.

இரு முனைத் துளைகளையும் கடைசிவரை மூடாமல் வைத்திருங்கள். தலைமுனை 25ஆம் நாளை ஒட்டி மூடுகிறது. வால்முனை 28ஆம் நாளை ஒட்டி. தலைமுனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. வால்முனை மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு. 28ஆம் நாள் என்றால் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரமே ஆகியிருக்கும். பலர் அப்போதுதான் பரிசோதனையே செய்துகொள்கிறார்கள். ஆகவேதான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு இக்குறைபாட்டுடன் குழந்தை பிறந்திருந்தால் மருத்துவர் கூடுதல் அளவு எழுதித் தருவார். 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட அத்தகைய தாய்மாரிடம் மறுபடி நேரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் நான் வகுப்பை முடிப்பதில்லை.

தலைப்பக்கத்தை மூன்று இடங்களில் உப்பச் செய்தால் முன்மூளை, நடுமூளை, பின்மூளை. ஐந்தாம் வாரத்தில் முன்மூளையும் பின்மூளையும் இரண்டிரண்டாகப் பிரிந்து மொத்தம் ஐந்தாகின்றன. இதற்கு மேல் களிமண் தேவையில்லை.

அடுத்தது நரம்பணுக்களின் பயணம். இதை மாணவர்களைக் கொண்டே செய்யலாம். ஒரு சுவர் மூளையின் உள்ளறை. அதிலிருந்து தரையில் நீளக் கோடுகள் இழுங்கள். முதல் வரிசையினர் கோட்டோடு சிறிது தூரம் நடந்து உட்காரட்டும். அடுத்த வரிசையினர் அவர்களைக் கடந்து அப்பால் போய் உட்கார வேண்டும். மூளையின் வெளிப்பகுதியான புறணி இப்படித்தான் அடுக்கடுக்காக அமைகிறது: முந்திப் பிறந்த நரம்பணு ஆழத்தில், பிந்திப் பிறந்தது மேற்பரப்பின் அருகே. தரைக்கோடுகள் என்பவை நரம்பணுக்கள் பிடித்து ஏறும் நீண்ட இழைகள்; நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் துணையணுக்களின் இழைகள் அவை. 1972இல் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கோ ராக்கிச் குரங்குக் கருவில் இதை விளக்கிக் காட்டினார்.

மூளையின் மடிப்புகளைக் காட்டக் காகிதத்தைக் கசக்கிப் பெட்டியில் திணிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மண்டையோடு நெருக்குவதால்தான் மடிப்பு வருகிறது என்ற தவறான எண்ணத்தை அது விதைக்கிறது. இழுத்துப் பிடித்த அகலமான ரப்பர் பட்டையின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக் காயவிட்டு, பிடியைத் தளர்த்துங்கள். காகிதம் வரிவரியாக மடியும். புறணி, தனக்குக் கீழுள்ள திசுவைவிட வேகமாக விரிவதே மடிப்புக்கு முக்கியக் காரணம். ஐந்தாம் மாதம்வரை பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும் மேற்பரப்பு, கடைசி மூன்று மாதங்களில்தான் நெருக்கமாக மடிகிறது.

மிஞ்சிய களிமண்ணைத் தராசில் வைத்து 350 கிராம் எடுத்து மாணவர் கையில் கொடுங்கள். பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ அவ்வளவு எடை. வளர்ந்தவருக்கு 1,300 முதல் 1,400 கிராம். எடை கூடுவது எதனால் என்று கேட்பார்கள். நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன, பிறகு சேர்வது பெரிதும் கிளைகள், இணைப்புகள், துணையணுக்கள், நரம்பிழைகளைச் சுற்றும் கொழுப்புறை என்று சொல்லுங்கள்.