பழைய ஜீப்பும் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் ரோட்டோரம் நின்றால், ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கலாம். அப்படி உழைத்து ஓய்ந்து ஒரு கொட்டகையில் நின்ற மஹிந்திரா எம்எம் 540-ஐத்தான் நான் வாங்கினேன். 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின், முன்னும் பின்னும் வண்டி எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை; சென்சார் என்று ஒன்றுகூடக் கிடையாது. "ஸ்பேனர் செட் இருந்தால் போதும், வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பியதில்தான் வினை. என் வண்டியில் பார்த்த பழுதுகளில் பாதி தானாக வந்ததல்ல. எனக்கு முன்னால் யாரோ 'சரிசெய்து' வைத்தது. மீதியில் ஒரு பங்கு என் கைங்கரியம்.

முதல் ஞாயிறே பின் ஹவுசிங் (பின் சக்கரங்களுக்கு நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூடு) ஆயிலை மாற்ற உட்கார்ந்தேன். அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றியதும், அழுகிய முட்டை வாடையோடு கருப்பு ஆயில் தட்டில் இறங்கியது. பெரிய வேலை பார்த்த திருப்தி. அப்புறம் புது ஆயில் ஊற்ற மேலே உள்ள பிளக்கில் ஸ்பேனரைப் போட்டால், அது அசையவே இல்லை. துருவேறிப் போயிருந்தது. போதாததற்கு ஏற்கெனவே யாரோ பைப் ரெஞ்சு போட்டு அதன் மூலைகளை மழுக்கி வட்டமாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே சொட்டு ஆயில் இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. மறுநாள் வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து, அந்தப் பிளக்கின் தலையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுக்க, சாவி திருகுவதுபோல வந்துவிட்டது. ஊற்றுகிற பிளக் கழன்ற பிறகுதான் வடிக்கிற பிளக்கைத் தொட வேண்டும். கியர்பாக்ஸ், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் நாலுக்கும் இதே வரிசைதான்.

அடுத்தது சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் கசிந்து பிரேக் ஷூ நனைந்துவிடும். சீலை மாற்றுவோம். நாலு மாதத்தில் மறுபடி அதே கதை. கடைக்காரர் மட்டமான சீலைக் கொடுத்துவிட்டார் என்று திட்டுவோம். ஹவுசிங்கின் முதுகில் பிரீதர் என்று சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வண்டி ஓடும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும். பிரீதரில் சேறு அடைத்திருந்தால் அந்தக் காற்று போக இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். ஓடையில் இறங்கினால் இதற்கு நேரெதிர். சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வடித்த ஆயில் பால்டீ நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் கலந்துவிட்டது. பிரீதரைக் கழற்றி, கழுவி, வாயால் ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல் நான் மூன்று முறை சீல் வாங்கினேன். ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்களும் உண்டு. ஊறிய ஆயில் சூடு ஏறினால் மறுபடி கசியும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மலைப்பாதையில் அந்த விளையாட்டு வேண்டாம், இரண்டு பக்கமும் ஷூவை மாற்றிவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசல் அடித்துத் தருவார்கள். பளபளவென்று இருக்கும், துருவும் பிடிக்காது என்பார்கள். ஆனால் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் ரப்பருக்கு எதிரி. பட்டைக் கண்களில் (பட்டை முனையில் போல்ட் நுழையும் வளையம்) ரப்பர் புஷ் உள்ள வண்டியில் அந்த புஷ் உப்பி, நைந்து, கொஞ்ச நாளில் 'டக் டக்' சத்தம் கொடுக்கும். சரி, புஷ்ஷை மாற்றிவிடலாம் என்று ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கினால் அது இன்னொரு தவறு. இறக்கியதும் பட்டை தன் நிலைக்கு வர, புது ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சும்மா மாட்டிவிட்டு, வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் விழுந்த பிறகு இறுக்க வேண்டும். பட்டையை ஹவுசிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் புதிதாகப் போட்டிருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஏர் லாக், அதாவது டீசல் வழியில் காற்று புகுந்து அடைத்துக்கொள்வது, பழகிய தொல்லை. ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகச் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக் நன்றாகத்தான் இருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவை லூசாக்கி, ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்ன பம்ப்) அடித்து, குமிழ் நிற்கும்வரை ஏர் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். மறுநாள் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். "எங்கேயும் டீசல் ஒழுகவில்லையே, அப்போ பம்ப்தான் போச்சு" என்று பம்பைக் கழற்ற நினைப்பதுதான் செலவு வைக்கும் தவறு. டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரை வருகிற வழி உறிஞ்சும் வழி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம் வாங்கி, நடுவில் தற்காலிகமாகச் செருகிவிட்டு எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். குமிழ் வரிசையாக ஓடி வந்தால் பம்பின் மேல் பழியில்லை. வெடித்த ஹோஸ், இளகிய கிளிப், இரண்டாம் முறை போட்ட செம்பு வாஷர் என்று டாங்க் பக்கம் தேடுங்கள்.

நாலு சக்கர டிரைவ் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் போட்டுப் பார்ப்பது இன்னொரு பழக்கம். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, சுற்றும் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றும். மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க வழியில்லாமல் ஷாஃப்ட் முறுக்கும், லிவர் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அடித்து இழுக்காமல், நேராக இரண்டு அடி ரிவர்ஸ் எடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் ஒன்று. வில்லிஸ் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப்) காலத்து வடிவ ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் உள்ள டிரம்மில் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் அது காற்றில் பின்னோக்கிச் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் நிம்மதியாக உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதிதான். தரையிலிருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, வண்டிக்கு அடியில் ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற, வீல் ஸ்பேனரில் இரண்டு பேர் ஏறி நின்றோம். நட்டு வரவில்லை. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டினோம். நட்டு ஏறும் ஸ்டட் டப்பென்று முறிந்தது. கையில் வந்த துண்டைத் துணியால் துடைத்தபோதுதான் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது. இடப்பக்கம் எதிர்மரை, வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அவ்வளவு நேரமும் நாங்கள் ஏறி நின்று இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.